குலுக்கல் சாரும் நகராத லிஃப்ட்டும்

யார் வீட்டுக்குப் போனாலும் குலுக்கல் சார் முதலில் நலம் விசாரிப்பது ஃப்ரிட்ஜைத்தான். வீட்டுக்காரர்களை அப்புறம். செருப்பைக் கழற்றும்போதே தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று உபசரிக்கிறவரிடம் ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்து நிற்பார். பிறகு முகத்தைச் சுளித்து, "எப்பலேருந்து இப்படி இருமுது?" என்பார். அந்த வீட்டில் மூன்று பேர் ஜலதோஷத்தில் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தாலும் அவர் கேட்பது கம்ப்ரஸரைப் பற்றித்தான்.

ஒருமுறை ஒரு துக்க வீட்டுக்குப் போனார். கூடத்தில் நுழைந்தவர் அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். மேலுலகத்தை நினைத்து நிற்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கண் கலங்கியது. "ரொம்ப நாளா கஷ்டப்பட்டிருக்கு, பாவம். யாரும் கவனிக்கல" என்றார். இறந்தவரின் மூத்த மகனுக்கு முகம் செத்துவிட்டது. தம்பி அண்ணனைப் பார்த்தான், அண்ணன் தம்பியின் மனைவியைப் பார்த்தார். பழைய பாக்கியெல்லாம் வெளியே வருவதற்குள் குலுக்கல் சார் ஸ்டூல் ஒன்றைக் கேட்டார். அவர் இரக்கப்பட்டது மின்விசிறிக்காக.

நகரத்தின் ஓரத்தில், லிஃப்ட் மோட்டார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் மூத்த இன்ஜினியர். மோட்டாரைச் செய்கிறவர் அல்ல, அதற்குப் புத்தி சொல்கிறவர். எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், எவ்வளவு முறுக்கோடு இழுக்க வேண்டும் என்று மோட்டாருக்கு ஓயாமல் ஓதிக்கொண்டே இருக்கும் இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. டிரைவ் என்பார்கள். லிஃப்ட் குலுங்காமல் போக அந்தப் பெட்டி என்ன ஓத வேண்டும் என்பதை எழுதுவது இவர் பொறுப்பு. இதை இரண்டு வாக்கியத்துக்கு மேல் கேட்கப் பொறுமை இல்லாத சக ஊழியர்கள், "குலுக்கல் எடுக்கிறவர்" என்று சுருக்கினார்கள். அதுவும் நீளமாகி, குலுக்கல் சார் ஆகிவிட்டார். தொழிற்சாலையில் எது ஆடினாலும் ஆள் அனுப்புவார்கள். கேன்டீன் மேசை ஆடுகிறது என்று கூப்பிட்டபோதும் முகம் கோணாமல் போய், குனிந்து பார்த்துவிட்டு, "இது என் டிபார்ட்மென்ட் இல்ல, தரையோடது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது, நீளமாக ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். திருகாணி திருகுவதற்கல்ல. அதன் நுனியை ஓடுகிற மோட்டாரின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வார். உள்ளே பேரிங் என்ன பேசுகிறது என்று கேட்குமாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் இதைப் பார்த்து எழுந்து வேறு இடம் தேடிப் போனதுண்டு. அவருக்கு அதில் வருத்தம் இல்லை, கால் நீட்ட இடம் கிடைத்தது.

குலுக்கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டால் போதும், மனிதர் பிடித்துக்கொள்வார். கேட்காவிட்டாலும் விடமாட்டார்.

"லிஃப்ட் நிக்கும்போது பிரேக் புடிச்சிட்டு இருக்கு, சரியா? உள்ள ஒருத்தர் ஏறினாரா, எட்டு பேர் ஏறினாங்களான்னு மோட்டாருக்குத் தெரியாது. திடீர்னு பிரேக் விட்டுடும். அது கொஞ்சம் கம்மியா இழுத்துட்டா லிஃப்ட் ஒரு மயிரிழை கீழ எறங்கும். ஐயையோன்னு பதறிப்போயி வெடுக்குனு மேல இழுக்கும். அந்த வெடுக்குதான் உங்க வயித்துல தெரியறது. அது மேல தப்பில்லங்க, பாவம். வளர்ப்பு சரியில்ல."

பிரேக் விட்ட கணத்தில், அந்த மயிரிழை கூட இறங்குவதற்குள், மேலே எவ்வளவு சுமை என்று மோட்டார் தானே கண்டுபிடித்து அதற்குத் தக்கபடி தாங்கிப் பிடிக்க வேண்டும். அப்புறம், சுற்றும்போது உள்ளே இருக்கும் காந்தங்கள் அங்கங்கே பிடித்துப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடங்களில் அதே தடங்கல். அதையும் மோட்டார் பாடம் செய்துகொண்டு, அந்த இடம் வரும்போது கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இழுத்துச் சமன் செய்துவிட வேண்டும். எத்தனை பேர் ஏறினாலும், கம்பி பழசானாலும், கரண்ட் கூடிக் குறைந்தாலும், வேகம் மாறக் கூடாது, பதற்றம் கூடாது. இதுதான் அவர் வருடக்கணக்காக எழுதி, அழித்து, திரும்ப எழுதியது.

"இதை முதல்ல எந்த மோட்டார்ல போட்டுப் பாத்தாராம்?" என்று யாரோ கேட்டபோது, "வேற எங்க, தன் மேலதான்" என்றாள் அவர் மனைவி.

அதில் பொய்யில்லை. குலுக்கல் சாரின் நடைக்கு ஒரே வேகம்தான். மழை கொட்டினாலும் அதே நடை, பஸ் கிளம்பினாலும் அதே நடை. குடியிருப்பில் ஒருநாள் தீ அபாய மணி அடித்து எல்லோரும் படியில் உருண்டு புரண்டு இறங்கியபோது, இவர் ஓரமாக ஒதுங்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே அதே நடையில் இறங்கினார். கீழே வந்து சேர்ந்தபோது தீ இல்லை என்று தெரிந்து பாதிப் பேர் திரும்ப மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு பொறந்திருக்குன்னு நர்ஸ் ஓடி வந்து சொல்லியிருக்கா. இவர் 'சரி'ன்னாராம்" என்று மனைவி இன்றைக்கும் ஆள் பிடித்து வைத்துச் சொல்லுவாள். மகள் படித்து, வேலை கிடைத்து, வெளியூருக்குப் போய்விட்டாள். அவள் ரயில் ஏறியபோதும் அதே "சரி"தான். "கல்லைக் கட்டிக்கிட்டிருந்தாக்கூட எப்பவாவது உருண்டிருக்கும்" என்பது அந்த அம்மாளின் நிரந்தரக் கட்சி.

தொழிற்சாலையிலும் இந்தச் சமநிலை சிலருக்கு இடைஞ்சலாக இருந்தது. தலைமை அலுவலகத்து லிஃப்ட்டில் சேர்மன் மட்டும் ஏறினால் சற்று வேகமாகப் போகும்படி செய்ய முடியுமா என்று ஒருதரம் மேலிடத்திலிருந்து கேட்டார்கள். முடியாது என்று சொல்ல இவருக்குத் தெரியாது, பொய் வராது. "முடியும். செய்யமாட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆளைப் பாத்து இழுத்தா அதுக்குப் பேரு மோட்டாரா, சிபாரிசா?" என்றார். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவரைத் தேடிக்கொண்டு போனது. அந்த வேறொருவர் சேர்மனுக்கு லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்.

மனைவி ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். நாளெல்லாம் நின்றே பார்க்கிற வேலை. நின்று நின்று முதுகுத்தண்டில் வட்டு விலகி, ஆபரேஷன் வரை போய், இரண்டு திருகாணிகளோடு வீட்டுக்கு வந்தாள். வீடு ஏழாவது மாடியில். குடியிருப்பில் இருந்த பழைய லிஃப்ட், கிளம்பும்போதே ஆளை ஒரு உதறு உதறித்தான் கிளம்பும். மற்றவர்களுக்கு அது லிஃப்ட்டின் சுபாவம். அவளுக்கோ ஒவ்வொரு கிளம்பலும் முதுகில் ஒரு குத்து. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். "அம்மாடி" என்று ஒரு சத்தம் தன்னால் வெளியே வரும். பக்கத்தில் நிற்கும் குலுக்கல் சார் மாடி எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாளடைவில் அவள் கடைக்கு அரைநாள் மட்டும் போனாள். பிறகு மாலை நடையை விட்டாள். பிறகு காய்கறி வாங்கவும் இவரையே அனுப்பினாள். முற்றின வெண்டைக்காயாகப் பார்த்து வாங்கி வந்தார். ஏழாவது மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்ப்பதோடு அவள் வெளியுலகம் முடிந்தது. "உங்க கம்பெனியில ஊருக்கெல்லாம் லிஃப்ட் செய்யறீங்க" என்று ஒருநாள் சொன்னாள். இவர் "சரி" என்றார்.

அந்தச் "சரி"க்குப் பின்னால்தான் மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு மனிதர் இந்தக் குலுக்கல் ஒன்றையே பிடித்துத் தொங்கினார். மேலதிகாரிகளுக்கு வேறு காரணங்கள் சொன்னார். அதெல்லாம் உத்தியோகத்துக்கு. உண்மையான காரணம் அந்த "அம்மாடி". இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், சனிக்கிழமையும் தொழிற்சாலைக்கு ஓடுகிறார் என்பதே. "வீட்ல முதுகு ஒடிஞ்சு ஒருத்தி கெடக்கா. இவருக்கு மோட்டாரோட குடித்தனம்" என்று தன் அக்காவிடம் போனில் புலம்பினாள். பக்கத்து அறையில் இருந்தவருக்கு அது கேட்டது. கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டார்.

கடைசியில் அது கைகூடியது. சோதனைக்காக ஏதாவதொரு குடியிருப்பில் புது மோட்டாரையும் டிரைவையும் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று கம்பெனி இடம் தேடியபோது, இவர் வாழ்நாளில் முதன்முறையாக, தன் குடியிருப்புக்காகக் கையை உயர்த்தினார்.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஒரு பல் டாக்டர். வீடும் கிளினிக்கும் தரைத்தளத்திலேயே. ஆகவே லிஃப்ட்டில் ஏற வேண்டிய தேவையே இல்லாதவர். அதனாலோ என்னவோ லிஃப்ட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவரே தலைமை. எதிராளியின் வாயில் பஞ்சை வைத்துவிட்டுப் பேசியே பழகியவர், பதில் என்ற ஒன்று உலகில் உண்டு என்பதையே மறந்து போயிருந்தார். தொடக்க விழா அன்று அவரும், பன்னிரண்டாவது மாடி வக்கீலும், குலுக்கல் சாரும் முதல் பயணம் போனார்கள். டாக்டர் பன்னிரண்டை அழுத்தினார். கதவு மூடியது. மூவரும் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

"என்ன சார், கரண்ட் இல்லையா?" என்றார் டாக்டர்.

"போயிட்டிருக்கு" என்றார் குலுக்கல் சார்.

"எது?"

"லிஃப்ட்."

"எங்க?"

"மேல."

டாக்டர் மறுபடியும் பன்னிரண்டை அழுத்தினார். ஒரு தட்டுத் தட்டினார். வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த எண்களைக் கூர்ந்து பார்த்தார்.

"நம்பர் மாறுது, ஒத்துக்கறேன். நம்பர் மாறினா நாம மாறினதா ஆயிடுமா? இதே டப்பாவைக் கொண்டுபோயி என் ஆபீஸ் சுவத்துல மாட்டினா ஆபீஸ் மேல ஏறிடுமா?"

கதவு திறந்தது. "அப்பாடா, நல்ல வேளை தொறந்துக்கிச்சு. மாட்டியிருப்போம்" என்று டாக்டர் வேகமாக வெளியேறி, தன் கிளினிக்குக்குப் போகிற நினைப்பில் இடது பக்கம் திரும்பி, வக்கீல் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் கால் இடித்துக்கொண்டார். வக்கீல் தன் வீட்டுக் கதவைத் தானே சந்தேகத்தோடு பார்த்து, மணியை அழுத்தினார். அவர் மனைவியே வந்து கதவைத் திறந்தாள். ஆனாலும் மனிதர் இறங்கி வரவில்லை.

"வீடு என்னுதுதான், மறுக்கல. ஆனா எப்படி வந்தோம்கறதுக்கு ஆதாரம் இல்ல."

குலுக்கல் சார் லிஃப்ட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். அன்று பார்த்திருக்கலாம், பார்க்கத்தான் ஆள் இல்லை.

அன்று மாலை மனைவியை அழைத்துக்கொண்டு போனார். அவள் வழக்கம்போல் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கதவு மூடியது. அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கெளம்பலையா?" என்றாள். கதவு திறந்தது, எதிரே தெரு. அவள் வெளியே ஓரடி வைத்தாள். திரும்ப உள்ளே வந்து ஏழை அழுத்தினாள். மேலே போய், வெளியே வராமலே கீழே வந்தாள். இன்னொரு தடவை மேலே போனாள். கம்பியிலிருந்து கை எப்போதோ விலகியிருந்தது.

"நல்லாருக்கு" என்றாள்.

"சரி" என்றார் இவர். குரல் மட்டும் கொஞ்சம் பிசிறியது.

அந்த வாரமே அவள் மாலை நடையைத் தொடங்கினாள். வெண்டைக்காயைத் தானே முனை ஒடித்துப் பார்த்து வாங்கினாள். மருந்துக்கடையில் மறுபடி முழுநாளும் வரட்டுமா என்று கேட்டு வைத்தாள். ஏழாவது மாடி ஜன்னல் திரைச்சீலை ரொம்ப நாளைக்குப் பிறகு சாத்தியே கிடந்தது.

குடியிருப்பில் மற்றவர்களுக்கோ நிம்மதி போய்விட்டது. ஐந்தாம் மாடிக்கு வந்த விருந்தாளி ஒருவர், கதவு திறந்ததும் இன்னும் கீழேயே இருக்கிறோம் என்று எண்ணி, கதவு மூடும்வரை நின்று, திரும்பக் கீழே போய், மறுபடி மேலே வந்து, கடைசியில் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி, "உங்க லிஃப்ட் வேலை செய்யல" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். சிலர் தட்டிப் பார்த்தார்கள். சிலர் உள்ளே நின்று குதித்துப் பார்த்தார்கள். குதித்தாலாவது கிளம்புமே என்ற நல்லெண்ணம்தான். குலுக்கல் சாரின் மோட்டார் அந்தக் குதியையும் வாங்கி விழுங்கிவிட்டு, வேகம் மாறாமல் போய்க்கொண்டிருந்தது. இதைக் கேள்விப்பட்டபோது, "எத்தனை பேர் குதிச்சாங்க? எத்தனை கிலோ இருப்பாங்க?" என்று அவர் ஆவலாகக் கேட்டாரே தவிர, புகார் என்ற அளவில் அது அவர் காதில் ஏறவே இல்லை. அங்கேதான் தப்புச் செய்தார்.

சங்கக் கூட்டம் போட்டார்கள். "பழைய லிஃப்ட்ல ஏறினா ஏறின மாதிரி இருந்துச்சு" என்று டாக்டர் ஆரம்பித்தார். "தூக்கிப் போட்டாலும், நம்மளத்தான் தூக்குதுன்னு ஒரு தைரியம் இருந்துச்சு. இதுல உயிரோட இருக்கோமான்னே தெரியல." பலத்த ஆமோதிப்பு. புது லிஃப்ட்டில் அவர் ஏறியது மொத்தம் ஒரே ஒரு தடவை என்பதை யாரும் நினைவூட்டவில்லை. குலுக்கல் சாரிடம் பதில் கேட்டார்கள். "பழகிடும்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். கொஞ்சம் கோபப்பட்டிருந்தால், மேசையைத் தட்டியிருந்தால், ஒருவேளை யோசித்திருப்பார்கள். அலட்டிக்கொள்ளாத மனிதரிடம் நியாயம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

புகார் கம்பெனிக்குப் போனது. விற்பனைத் தலைவர் கூட்டம் கூட்டினார். நல்ல சட்டை, நல்ல பல், எதையும் நல்ல விதமாகவே சொல்லும் நாக்கு.

"சாரோட சாதனையை யாரும் குறை சொல்லல. ஆனா சாதனைன்னு ஒண்ணு இருந்தா அது வெளிய தெரியணும்ல சார்? எதிர் கம்பெனி லிஃப்ட்ல ஏறினா ஜம்முனு ஒரு தூக்கு. கஸ்டமருக்கு வயித்துல ஜில்லுங்குது. அந்த ஜில்லுக்குத்தான சார் அவர் வாங்கறார்? நம்மளோடது... எப்படிச் சொல்ல... ரொம்ப நல்லாருக்கு."

ஆகவே, கிளம்பும்போது மட்டும் ஒரு சின்னக் குலுக்கலைத் திரும்பப் போடுவது என்று முடிவாயிற்று. அதற்குப் பெயரும் தயாராக இருந்தது: வரவேற்புக் குலுக்கல். விளம்பரத் தாளில் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடவும் ஏற்பாடு. இந்தக் குடியிருப்பில் போட்டுப் பார்த்து, பிறகு எல்லா லிஃப்ட்டிலும்.

குலுக்கல் சார் தொண்டையைச் செருமினார். கூட்டங்களில் அவர் வாய் திறப்பது அபூர்வம், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதுகுல ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு வலிக்கும்."

"அருமையான பாயிண்ட் சார். அப்படி எத்தனை பேர் இருப்பாங்க?"

அவர் யோசித்தார். அவருக்குத்தான் பொய் வராதே.

"ஒருத்தர்" என்றார்.

அறையே சிரித்தது. "சார் ஜோக்கெல்லாம் அடிப்பாரா, இத்தனை நாள் தெரியாமப் போச்சே!" என்று விற்பனைத் தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். குலுக்கல் சார் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே வலித்தது அவருக்கு. எழுந்து போய்விடலாம் என்றுகூட இருந்தது. எழுந்திருக்கத்தான் தெரியவில்லை.

"எடுக்க இத்தனை வருஷம் ஆச்சே, திரும்பப் போட எவ்ளோ நாள் ஆகும் சார்?"

"ஒரு நம்பரை மாத்தினா போதும்."

கைதட்டினார்கள். அந்த மாதத்துச் சிறந்த ஊழியர் விருது இவருக்குக் கிடைத்தது. குலுக்கலை எடுத்ததற்கு ஒருவரும் ஒரு தேநீர்கூட வாங்கித் தரவில்லை. திரும்பப் போட்டதற்குச் சட்டம் போட்ட சான்றிதழ்.

கூட்டம் நடந்த அன்று மதியமே தன் குடியிருப்பின் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அருகில் நின்றால்கூடத் தெரியாத ஓட்டம். மடிக்கணினியை டிரைவோடு இணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் லிஃப்ட்டில் ஏறுகிறவர்களின் எடை வந்து வந்து போனது. இரண்டு பேர். ஒருவர். மூன்று பேர். மனைவியின் எடை அவருக்குத் தெரியும், ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து மாதாமாதம் அவர்தான் பார்த்துச் சொல்லுகிறவர். அந்த எடை தனியாக ஏறினால் மட்டும் குலுக்காதே என்று ஒரு நிபந்தனை எழுதிவிட்டால் தீர்ந்தது. கண்டுபிடிக்க இந்த உலகத்தில் ஒருவராலும் முடியாது. விற்பனைத் தலைவருக்கு அதைப் படிக்கக்கூடத் தெரியாது.

எழுதினார். எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சேர்மனுக்குச் செய்ய மறுத்தவர் மனைவிக்குச் செய்தால் அதற்குப் பெயர் என்ன? தவிர, அதே எடையில் வேறொருவர் ஏறுவார், அவருக்கு மட்டும் ஏன் குலுக்கவில்லை? அவளோடு இன்னொருவர் ஏறிவிட்டால் அவளுக்கு அப்போது மட்டும் ஏன் குலுக்க வேண்டும்? ஒரு நாளைக்கு ஒரு மாதிரி நடக்கும் மோட்டாரை அவர் தன் கையால் செய்ததில்லை. செய்ய வரவும் இல்லை. எழுதியதை அழித்தார். அந்த ஒரு நம்பரை மட்டும் மாற்றினார். காலடியில் மோட்டார் பிரேக்கை விட்டது, பதறியது, வெடுக்கென்று இழுத்தது. அவருக்கு ஒருமுறை தூக்கிவாரிப்போட்டது.

மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை அவள் முன்னால் போய் நின்றார். "என்ன, சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்று கேட்டாள். "சரி" என்று சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, அவள் மருந்துக்கடைக்கு முழுநாள் போகத் தொடங்கும் முதல் நாள். குலுக்கல் சார் வழக்கமாகக் கிளம்பும் நேரம் தாண்டியும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடிகாரம் நின்றுவிட்டதோ என்று அவள் சுவரைப் பார்த்தாள். "போகலையா இன்னும்?" என்றாள். "சேந்து போலாம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டாள்.

லிஃப்ட்டில் ஏற்கெனவே வக்கீலும் பல் டாக்டரும் இருந்தார்கள். குலுக்கல் திரும்பி வந்துவிட்டதா என்று நேரில் பார்ப்பதற்காக டாக்டர் மேலே போய்விட்டு வந்துகொண்டிருந்தார். கிளினிக்கில் யாரோ வாயைத் திறந்தபடி காத்திருக்கக்கூடும். "வாங்க சார், வாங்க! வெற்றி!" என்று கையை ஆட்டினார். அவள் புரியாமல் இவரைப் பார்த்தாள். கம்பியைப் பிடிக்கவில்லை, இப்போதெல்லாம் அவள் பிடிப்பதில்லை.

கதவு மூடியது. கதவு மூடுவதற்கும் பிரேக் விடுவதற்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. கண் இமைக்கிற நேரம்தான். அந்த இடைவெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அந்தக் கட்டிடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். தெருவில் மனைவியோடு நடந்தாலும் இரண்டடி தள்ளி நடக்கும் அந்த மனிதர், வக்கீலும் டாக்டரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையை நீட்டி அவள் இடுப்புக்குச் சற்று மேலே, தழும்பு இருக்கும் இடத்தில், உள்ளங்கையை முழுவதுமாகப் பதித்துத் தாங்கிக்கொண்டார்.

"என்னங்க இது?" என்று அவள் கூச்சத்தோடு முணுமுணுத்தாள்.

"வருது" என்றார்.

வந்தது. டாக்டர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ஆங்! இதுக்குப் பேருதான் லிஃப்ட்!" என்றார். வக்கீல் ஆதாரம் கிடைத்த திருப்தியோடு தலையசைத்தார். அவள் அவர் கையையும் பார்த்தாள், மனிதரையும் பார்த்தாள். அவர் எதிரே மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தபடி நின்றார்.

கிளம்பும்போது மட்டும்தான் குலுக்கல். நிற்கும்போது குலுக்கல் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் போடவில்லை. தரைத்தளம் வந்தது, கதவு திறந்தது, டாக்டரும் வக்கீலும் வெளியே போனார்கள். அவர் கை இன்னும் அவள் முதுகில்தான் இருந்தது.